வாவியைத் தாண்டிய குரவை

"தம்பி, இது எவ்வளவு தூரத்துக்குக் கேக்கும்?"

மருதமரத்தின் கவட்டில் நின்று ஒலிபெருக்கிக் குழலைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்த நான் கீழே பார்த்தேன். பூரணம் அக்கா நின்றாள். அன்று அந்த வீட்டு வளவில்தான், வேலிக்குள் இருக்கும் அந்த நிலத்தில்தான், கலியாணம். அவள் பெண்ணின் தாய். விரல்களில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. முகத்தில் சந்தோசம் எதுவும் தெரியவில்லை. கலியாண வீட்டுத் தாய்மாருக்குச் சிரிக்க எங்கே நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

"காத்து விழுந்தா அக்கரை வரைக்கும் கேக்கும் அக்கா. இஞ்ச ஆறு ஒடுக்கம்தானே" என்றேன். வாவியை எங்கள் பக்கத்தில் ஆறு என்றுதான் சொல்வோம்.

"காத்து எப்ப விழும்?"

"பொழுது சாயக்குள்ள."

அவள் தண்ணீரைப் பார்த்தாள். அலை கரையோரச் சம்புப் புல்லை அசைத்துக்கொண்டிருந்தது. அக்கரையில் தென்னைகள் ஒரு கோடாகத் தெரிந்தன.

"அப்ப குழாயை ஆத்துப் பக்கமாத் திருப்பிக் கட்டுங்க தம்பி."

மாப்பிள்ளை வீட்டார் ஊர்ப்பக்கம் பார்த்துக் கட்டச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பெண்ணின் தாய் கேட்கிறாள். கட்டிய கயிற்றை அவிழ்த்துக் குழலைத் தண்ணீரை நோக்கித் திருப்பினேன்.

என் ஒலிபெருக்கியில் வாய் திறந்தவர்களைப் பற்றிப் பல கிழமைகளாக எழுதிவருகிறேன். பாட்டுக்காரர், தேர்தலில் நின்றவர், நின்று தோற்றவர், உன்னிச்சைக் குளத்தடிக் கோயிலில் பாட்டுக் கேட்டு வந்து நின்ற யானைகூட இந்தப் பக்கங்களில் வந்துவிட்டது. இந்தக் கிழமை பாடத் தெரியாத, மேடை ஏறாத, எழுத்துக்கூட்டி வாசிக்கவும் தெரியாத ஒரு பெண். அவள் பேசியதைக் கேட்டபோது என் கைமயிர் சிலிர்த்து நின்றது. இன்றைக்கு எழுதும்போதும் அப்படித்தான்.

செற் வந்த கதை

பட்டணத்தில் ஒரு பறங்கித் துரை இருந்தார். குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது வீட்டுச் சாமான்களை விற்றார். மேசை நாற்காலியை வாங்கப் போன நான் ஒலிபெருக்கிச் செற்றோடு எங்கள் ஊர் ஆரையம்பதிக்குத் திரும்பி வந்தேன். வீட்டில் கொஞ்ச நாள் யாரும் என்னோடு பேசவில்லை.

பிறகு அதுவே எங்களுக்குச் சோறு போட்டது. அந்த நாளில் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை ஊர்களில் மின்சாரம் கிடையாது. கார் பற்றரி ஒன்று, அதில் ஓடும் பெட்டி ஒன்று, இசைத்தட்டுச் சுழலும் மெசின், குழல், மைக். இவ்வளவையும் தோணியில் ஏற்றி எங்கும் போவோம். பெட்டிக்குள் வால்வுகள் செம்மஞ்சளாக எரியும். கொஞ்ச நேரம் ஓடினால் பெட்டி முழுவதும் அடுப்புக்கல் மாதிரிச் சுடும்.

போவோம் என்று பன்மையில் எழுதுவதற்குக் காரணம் என் மனைவி செல்வம். எனக்கு மரம் ஏறவும் வயர் பூட்டவும் தெரியும். தாலி கட்டும்போது எந்த இசைத்தட்டு, பந்தியில் இருக்கும்போது எது என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். எங்கள் மூத்த மகள் அப்போது தவழத் தொடங்கியிருந்தாள். அவளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு செல்வம் வந்துவிடுவாள். "பொம்புளைக்கு இதென்ன வேலை" என்று என் மாமன்மார் கேட்டால், "பாட்டுக்கு ஆம்புள பொம்புள தெரியுமா?" என்பாள்.

பெரிய வெள்ளம் வந்து வடிந்து சில வருடங்கள் இருக்கும். அறுபதுகள் தொடங்கிவிட்டனவா என்று நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. போடியார் வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்தார். போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய வயற்சொந்தக்காரர். படுவான்கரையில் கண்ணுக்கு எட்டிய வட்டை, அதாவது வயல்வெளி, பெரும்பாலும் அவருடையது. அவருடைய இளைய மகனுக்குக் கலியாணம், பூரணம் அக்காவின் வளவில்.

"பாட்டு நல்ல சத்தமாப் போகணும். ஊரெல்லாம் கேக்கணும்" என்றார் வந்தவர்.

போடியார் மகனுக்கு, அவருடைய வட்டையில் களை பிடுங்கும் விதவையின் வீட்டில் ஏன் பெண் எடுக்கிறார்கள் என்று செல்வம்தான் கேட்டாள். வந்தவர் வெற்றிலையைத் துப்பப் போனார். திரும்பி வந்து கலியாண நாளை மட்டும் சொன்னார்.

வீடு யாருடையது

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வாவிக்குக் கிழக்கே கடலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கிடக்கும் நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. இரண்டு கரையிலும் ஒரு வழக்கம் ஒன்றுதான்: வீடு பெண்ணுடையது. தாய் தன் வீட்டையும் வளவையும் மகளுக்குக் கொடுப்பாள். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். நானும் செல்வத்தின் வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறேன்.

நல்ல வழக்கம் என்று பெருமையாகச் சொல்வோம். ஆனால் வருகிறவன் யார் என்பதைப் பெண்ணா தீர்மானிக்கிறாள்?

பூரணம் அக்காவின் வீடு அவளுடைய தாய் கொடுத்தது. களிமண் சுவர், கிடுகுக் கூரை, முன்னால் ஒரு பந்தல் போடும் அளவுக்கு முற்றம், பின்னால் வாவி. புருசன் காய்ச்சலில் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் தவமணிக்குப் பதினெட்டு வயதிருக்கும். சின்னவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

செய்தவன் இல்லாத பேச்சு

அந்த ஊருக்குப் போன பிறகுதான் எனக்கு விசயம் தெரியவந்தது. அடுப்படியில் பெண்கள் குசுகுசுத்ததைச் செல்வம் கேட்டுவந்து சொன்னாள். மிச்சத்தைப் பிறகு வழக்கில் கேட்டேன்.

தாய்க்குச் சோறு கொண்டு வட்டைக்குப் போன தவமணியைப் போடியாரின் இளைய மகன் வழிமறித்திருக்கிறான். நடந்ததை நான் எழுதப்போவதில்லை. தவமணி அதை ஒருமுறை நீதவான் முன்னால் சொன்னாள். அது போதும்.

எங்கள் பேச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "புள்ளைக்கு ஒரு தவறு நடந்திட்டுது" என்றுதான் ஊரில் சொன்னார்கள். மழை பெய்தது, மாடு விழுந்தது என்பதுபோல. அந்த வசனத்துக்குள் அவன் எங்கேயும் இல்லை. பிள்ளை மட்டும் இருந்தாள், தவறு மட்டும் இருந்தது.

பூரணம் அக்கா ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானையாரிடம் போனாள். அவர் போடியாருக்கு மச்சான் முறை. பொலிசுக்கு நடந்து போனாள். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவர், "கட்டி வைச்சா முடிஞ்சுதே, உங்கட புள்ளையிர பேரைத்தான் நீங்க கெடுக்கிறீங்க" என்று திருப்பி அனுப்பினார். கடைசியில் கோயில் வண்ணக்கர், அதாவது கோயில் பொறுப்பாளர், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஊர் சண்டைப்படக் கூடாது என்று நினைப்பவர். அவனே அவளைக் கட்டட்டும், அவள் வீட்டில் வந்து இருக்கட்டும் என்று முடிவானது. போடியார் முதலில் முகம் சுளித்தார். பிறகு, வழக்கு வராது என்று கண்டதும் ஒத்துக்கொண்டார்.

"புள்ளையிட்டக் கேட்டீங்களா?" என்று பூரணம் அக்கா கூட்டத்தில் கேட்டிருக்கிறாள்.

"இனி என்னத்தைக் கேக்கிற?" என்றார்களாம்.

அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. சம்மதித்துவிட்டாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

காற்று விழுந்தபோது

பின்னேரம் வரை பாட்டுப் போட்டோம். பந்தலில் தென்னங்குருத்துத் தொங்கியது. போடியார் வீட்டு ஆட்கள் சிலர் முன்னதாக வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். வண்ணக்கரும் வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பொழுது பட்டதும் வரம்பு வழியாக விளக்கோடு வருவதாக ஏற்பாடு.

தவமணியை நான் அதுவரை பார்க்கவில்லை. உள்ளறையில் இருந்தாள். அலங்கரிக்கப் போன பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்து சும்மா நின்றார்கள். பந்தலுக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் நிறையப் பேர் நின்றார்கள். கலியாண வீட்டில் இருக்கும் சிரிப்பும் கேலியும் அங்கே இல்லை.

பிறகு காற்று விழுந்தது. வாவியைத் தெரிந்தவர்களுக்கு அந்த நேரம் தெரியும். அலை அடங்கி, தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடக்கும். அக்கரையில் நாய் குரைத்தால் இக்கரையில் கேட்கும்.

இசைத்தட்டு முடிந்து செல்வம் அடுத்ததை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். பூரணம் அக்கா அடுக்களையிலிருந்து வந்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். நேரே வந்து மைக்கை எடுத்தாள்.

வாழ்த்துச் சொல்லப்போகிறாள் என்று எல்லோரையும் போல நானும் நினைத்தேன்.

"கேக்குதா?" என்றாள். அவளுடைய குரலே மரத்திலிருந்து பெரிதாகத் திரும்பி வந்ததும் திடுக்கிட்டுப் பின்னால் ஓர் அடி வைத்தாள். பிறகு மைக்கை இன்னும் கிட்டப் பிடித்தாள்.

"நான் பூரணம். இந்த வளவுக்காரி. இது என்ர அம்மா எனக்குத் தந்த வீடு. காலமையில இருந்து இஞ்ச பாட்டுப் போடுறாங்க. கேட்டிருப்பீங்க. கலியாணமாம். இது கலியாணம் இல்ல. என்ர புள்ளையைக் கெடுத்தவனை என்ர வீட்டுக்குள்ள கொண்டுவந்து விடப்போறாங்க."

வாங்கில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"நான் அவனுக்குச் சோறு போடணுமாம். அவன் படுக்கப் பாய் போடணுமாம். எனக்கு இன்னொரு புள்ளையும் இரிக்கு. அவன் இரிக்கிற வீட்டில அவளை நான் எங்க படுக்க வைக்கிற? விதானையிட்டச் சொன்னன். பொலிசிலயும் சொன்னன். ஊரிலயும் சொன்னன். ஒருத்தரும் கேக்கல்ல. அதால அக்கரையில இரிக்கிற ஆக்கள், நீங்க கேளுங்க."

"நிப்பாட்டடா அதை!" போடியார் வீட்டு ஆள் ஒருவர் என்னைப் பார்த்துக் கத்தினார். இரண்டு பேர் பெட்டியை நோக்கி ஓடிவந்தார்கள்.

எனக்குக் கால் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. செல்வம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டிக்கு முதுகு கொடுத்து நிலத்தில் இருந்துவிட்டாள். அந்தச் சூட்டை எப்படித் தாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. பிறகு பார்த்தபோது முதுகில் ஒரு கையகலத்துக்குத் தோல் சிவந்து கிடந்தது. குழந்தை அழவில்லை. ஓடிவந்தவர்களை வாய் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னைத் தூக்கி எறிஞ்சிட்டு நிப்பாட்டுங்க பாப்பம்" என்றாள் செல்வம். சத்தம் போடாமல் சொன்னாள்.

அவர்கள் நின்றுவிட்டார்கள். கைக்குழந்தைக்காரியை இழுத்துப்போட அத்தனை பேர் முன்னால் அவர்களுக்கு மனம் வரவில்லை.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. தவமணி வந்தாள். கூறைச்சேலை கட்டியிருக்கவில்லை, பழைய பாவாடையும் சட்டையும்தான். மெலிந்த பெண். ஆட்களுக்கு நடுவால் நடந்துவந்து தாயின் கையிலிருந்த மைக்குக்கு முன்னால் நின்றாள். வாயைத் திறந்தாள். தாய் அவசரப்படுத்தவில்லை, மைக்கைப் பிடித்தபடியே நின்றாள்.

"நான் தவமணி" என்றாள் கடைசியில். "எனக்கு அவன் வேணாம். நான் முதலே சொன்னனான். எனக்கு வேணாம்."

அவ்வளவுதான். யாரோ பின்பக்கமாகப் போய்ப் பற்றரி வயரைப் பிடுங்கிவிட்டார்கள். குழல் ஒருமுறை இருமி அடங்கியது.

அக்கரை

பந்தலில் அத்தனை பேர். மூச்சுச் சத்தம் இல்லை. பூரணம் அக்கா இன்னும் மைக்கைப் பிடித்திருந்தாள், அது செத்துப்போனது தெரியாமல். வண்ணக்கர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

தண்ணீருக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

முதலில் மெல்லிசாக, ஒரு பறவை கத்துவதுபோல. பிறகு இரண்டு, பிறகு பல. குரவை. கோயிலிலும் கலியாணத்திலும் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் குரவை. அக்கரையில், எங்கள் ஊர்ப் பக்கத்துக் கரையில், எத்தனை பெண்கள் நின்றார்களோ! தென்னைக் கோட்டுக்குக் கீழே ஆள் தெரியவில்லை. குரல் மட்டும் தண்ணீரின் மேலால் வழுக்கிக்கொண்டு வந்தது. நின்றது. திரும்பவும் எழுந்தது.

கேட்டுவிட்டோம் என்று சொல்ல அவர்களிடம் ஒலிபெருக்கி இல்லை. அதனால் அப்படிச் சொன்னார்கள்.

நான் பல கோயில்களில் குரவை கேட்டவன். அப்படி ஒரு குரவையைக் கேட்டது அன்றுதான். பக்கத்தில் செல்வம் நிலத்தில் இருந்தபடியே தானும் குரவையிட்டாள். பந்தலுக்குப் பின்னால் நின்ற ஊர்ப் பெண்களில் ஒருத்தி எடுத்தாள். பிறகு எல்லோரும். காலையிலிருந்து வாய் திறக்காமல் நின்றவர்கள். இரண்டு கரைக்கும் நடுவில் வாவி முழுவதும் அந்தச் சத்தம்தான்.

பூரணம் அக்கா அப்போதுதான் மைக்கைக் கீழே வைத்தாள். மகளைப் பிடித்துக்கொண்டாள்.

இருட்டுவதற்கு முன்னால் முதல் தோணி வந்தது. மீன் பிடிக்கும் தோணி. வலையை எடுத்துக் கரையில் போட்டுவிட்டுப் பெண்களை ஏற்றி வந்திருந்தார்கள். அதன் பின்னால் இன்னொன்று. பாய் சுருட்டிக்கொண்டு வந்தவர்கள், பானையில் சோறு கொண்டு வந்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவர்கள். எனக்குத் தெரிந்த முகங்கள் பல. சந்தையில் மீன் விலைக்குச் சண்டை பிடிப்பவர்கள். அவர்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கிச் சேலையைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு வரிசையாகக் கரையேறியதை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

கோசம் போடவில்லை, யாரையும் ஏசவில்லை. முற்றத்தில் பாய் விரித்து இருந்தார்கள். முன்னால் வந்த ஒரு மீன்காரி பூரணம் அக்காவைப் பார்த்து, "அடுப்பு எங்ககா?" என்று மட்டும் கேட்டாள்.

மாப்பிள்ளை வீட்டு விளக்குகள் வரம்பில் தெரிந்தன. பாதித் தூரத்தில் நின்றன. முற்றம் நிறையப் பெண்கள் இருப்பதை யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கவேண்டும். கொஞ்ச நேரம் அந்த விளக்குகள் அங்கேயே நின்று ஆடின. பிறகு வந்த வழியே சிறிதாகிப் போயின.

வழக்கும் வளவும்

ஒரு நாளில் முடிந்த கதை என்று நினைக்கவேண்டாம். அன்றிரவு வளவு வேலியில் ஒரு பக்கம் எரிந்தது. போடியார் பூரணம் அக்காவுக்கு வட்டையில் வேலை இல்லை என்றார். அக்கரைப் பெண்கள் முறை வைத்து வந்து தங்கினார்கள். அடுத்த போகத்தில் களை பிடுங்கும் காலம் வந்தபோது அந்த ஊர்ப் பெண் ஒருத்தியும் போடியார் வட்டையில் இறங்கவில்லை. பட்டினி கிடந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அக்கரையிலிருந்து வந்த மீனும் மரவள்ளியும் போதாத நாட்கள் இருந்தன. சிலருடைய வீட்டில் அதற்காகவே அடி விழுந்தது. இருந்தும் இறங்கவில்லை. நெல் வேளாண்மையைப் புல் மூடியது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வண்ணக்கர் தனியாக வந்தார். கடப்படியில், அதுதான் வளவு வாசலில், நின்றார்.

"நாங்க நல்லதுக்குத்தான் புள்ள முடிவெடுத்தம்" என்றார்.

"ஆருக்கு நல்லது?" என்று கேட்டாள் பூரணம் அக்கா. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்.

அவர் கடப்படியைத் தாண்டாமலே திரும்பிப் போனார். பிறகு வழக்கு வந்தபோது, கூட்டத்தில் என்ன பேசப்பட்டது என்று சாட்சிக்கூட்டில் ஏறி உள்ளபடி சொன்னவர் அவர்தான். அதற்காகப் போடியார் வீடு அவரோடு கடைசிவரை பேசவில்லை.

பொலிசார் இந்த முறை முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள். இரண்டு கரையும் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. வழக்குச் சில வருடம் இழுபட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் தவமணியிடம், "கலியாணம் பேசியபோது நீ ஏன் சத்தம் போடவில்லை?" என்று கேட்டார்.

"போட்டனான் ஐயா. ஆத்துக்கு அங்கால கேட்டது" என்றாள் அவள்.

நீதவான் தலையைக் குனிந்து எழுதினார். அவன் சிறைக்குப் போனான். போதுமான காலம் இல்லை என்பது செல்வத்தின் கருத்து. ஆனால் போனான். போடியார் மகன் ஒருவன் விலங்கோடு நடந்ததை அந்தக் கரை அதற்கு முன் பார்த்ததில்லை.

பூரணம் அக்கா இன்னொன்றும் செய்தாள். கலியாணத்தில்தான் வீட்டைக் கொடுப்பது வழக்கம். அவள் கலியாணப் பேச்சே இல்லாமல் வீட்டையும் வளவையும் தவமணிக்கு எழுதிக்கொடுத்தாள். "இனி ஆரும் இந்தப் புள்ளையை ஒருத்தனுக்குக் குடுக்க ஏலா. வாறவன்தான் இவளிட்டக் கேக்கணும்" என்றாள். சில வருடங்களில் அந்த ஊரில் வேறு தாய்மாரும் அப்படிச் செய்தார்கள். தவமணி ஆரையம்பதிக்கு வந்து நெசவு பழகினாள். கை கெட்டிக்காரி.

கல்குடாவில்

அதன் பிறகு மாதர் சங்கங்கள் பூரணம் அக்காவைக் கூப்பிடத் தொடங்கின. அவளுக்குப் பேச்செல்லாம் வராது. வீட்டில் நடந்ததைச் சொல்வாள், சொல்லிவிட்டு இருந்துவிடுவாள். தவமணியும் கூடப் போவாள். நானும் செல்வமும் செற்றோடு போவோம்.

ஒருமுறை கல்குடாவில் கூட்டம். கடற்கரையோரம் ஒரு சிறிய மாதா கோயிலின் பக்கத்துக் கொட்டகை. மீனவக் கத்தோலிக்கப் பெண்கள். கருவாடு காயும் மணம். பூரணம் அக்கா பேசி முடித்ததும் பின்னால் ஒரு பெண் எழுந்தாள். முக்காட்டை ஒரு பக்கமாக இழுத்து விட்டிருந்தாள். மேரி என்று பிறகு தெரிந்தது.

"அக்கா, கட்டின புருசன் அடிக்கிறதும் இதில சேருமா?"

சிலர் சிரித்தார்கள். பூரணம் அக்கா சிரிக்கவில்லை. யோசித்தாள்.

"நோகுதா?" என்று கேட்டாள். அவ்வளவு கவனமாகக் கேட்டாள், மருந்து கொடுக்கப் போகிறவள் மாதிரி.

"நோகும்."

"அப்ப சேரும்."

கொட்டகையில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த இரண்டு சொல்லுக்காக எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று அவர்களுடைய முகத்தில் தெரிந்தது. மேரி நின்றபடியே இருந்தாள். முக்காடு தோளில் விழுந்தது. அவள் அதை எடுத்துப் போடவில்லை. கன்னத்தில் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

நாங்கள் சாமான்களை லொறியில் ஏற்றியபோது அவள் இரண்டு பிள்ளைகளோடு வந்து நின்றாள். தவமணி லொறிப் பலகையில் நகர்ந்து இடம் விட்டாள். சின்னப்பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்படியே படுவான்கரை வந்து சேர்ந்தோம்.

சில நாள் கழித்து நானும் செல்வமும் தவமணியின் வீட்டில் இருந்தபோது மேரியின் புருசன் வந்தான். நல்ல உயரமான ஆள். வெயிலில் வெகுதூரம் நடந்து வந்திருந்தான். கடப்படியில் நின்று, "மேரியை வரச் சொல்லுங்க" என்றான்.

நான் எழுந்தேன். செல்வம் என் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். பூரணம் அக்கா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வேலையைப் பார்த்தாள்.

தவமணிதான் போனாள். ஒரு காலத்தில் உள்ளறையை விட்டு வெளியே வராதவள். செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். அவனுடைய நெஞ்சுயரத்துக்கும் அவள் இல்லை.

"மேரியக்கா வரல்லையாம். சொல்லச் சொன்னவ. இது என்ர வீடு" என்றாள். "வெயிலுக்குள்ள வந்திரிக்கிறீங்க. தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்க."

அவன் அவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் வீட்டைப் பார்த்தான். செம்பை வாங்கி, தலையை அண்ணாந்து, முழுவதையும் குடித்தான். வெறுஞ்செம்பைத் திருப்பிக் கொடுத்தான்.

பிறகு, மேரியைத் திரும்பவும் கேட்காமல், வந்த வழியே போனான்.